இறந்தோர் நாளுக்கு வயது என்ன?

நவம்பர் 1 புதுச்சேரிக்கு விடுதலை நாள். 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். அவர்களில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தார்கள். அக்டோபர் 21 அன்று டில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. கத்தோலிக்கத் திருச்சபையின் நாள்காட்டியில் அதே நாள் சகல புனிதர்கள் திருநாள். மறுநாள் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். முந்தின இரவு, அக்டோபர் 31, மேலை நாடுகளில் ஹாலோவீன்.

ஹாலோவீனைப் பற்றி ஆண்டுதோறும் அச்சிலும் திரையிலும் ஒரே கதைதான் சொல்லப்படுகிறது. அயர்லாந்திலும் பிரித்தானியத் தீவுகளிலும் வாழ்ந்த பழைய கெல்ட் இன மக்களுக்கு நவம்பர் முதல் நாள் புத்தாண்டு. அதன் பெயர் சௌவின். அன்றிரவு இறந்தவர்கள் வீடு திரும்புவார்கள். அவர்களுக்குச் சோறும் நெருப்பும் வைப்பார்கள். பிறகு வந்த கிறித்தவம் அந்த நாளை எடுத்துக்கொண்டு புனிதர் திருநாள் என்றும் கல்லறைத் திருநாள் என்றும் பெயர் மாற்றியது. ஆகவே இன்றைய ஹாலோவீன் ஈராயிரம் ஆண்டுப் பழமையானது. கதை அழகாக இருக்கிறது. ஆனால் அதன் ஒவ்வொரு வரியையும் தனித்தனியே எடுத்துச் சோதித்தால் சில வரிகள் நிற்கின்றன, சில சரிகின்றன.

இந்தச் சோதனை நமக்கும் வேண்டியது. புதுச்சேரி–கடலூர் சாலையில் இருக்கிற கிருமாம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஊர். ஏரியும் நெல்வயலும் உண்டு, கிழக்கே நரம்பை, பனித்திட்டு எனக் கடற்கரைக் குப்பங்கள். இந்த வட்டாரத்தில் புரட்டாசி மகாளய அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள். ஐப்பசியில் தீபாவளிக்குத் துணி வைத்துப் படைக்கிறார்கள். கிறித்தவர்கள் நவம்பர் 2 அன்று கல்லறைக்கு மெழுகுவத்தியும் பூவும் கொண்டுபோகிறார்கள். ஆறு வாரத்துக்குள் இறந்தோருக்கு மூன்று நாள். இவற்றில் எது எவ்வளவு பழையது என்று கேட்டால் நாமும் உடனே 'ஆதிகாலம் தொட்டு' என்றுதான் சொல்லுவோம். அப்படிச் சொல்லும்போது மூன்று வேறு வயதுகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். நாளுக்கு ஒரு வயது உண்டு. அன்று செய்கிற செயலுக்கு ஒரு வயது. அந்தச் செயலுக்கு நாம் தரும் பொருளுக்கு இன்னொரு வயது. மூன்றும் ஒருசேரப் பிறந்திருக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. இந்தக் கட்டுரை சொல்ல விரும்புவதும் அதுதான்: ஐரோப்பாவில் நாள் நிலைத்தது, செயலும் பொருளும் மாறின, இங்கே செயல் நிலைத்தது, நாள்தான் பெருகியும் இடம் மாறியும் வந்திருக்கிறது.

சௌவின் என்ற நாள் பழையது என்பதில் ஐயம் வேண்டாம். இடைக்கால ஐரியக் கதைகள் ஆண்டை நான்கு முனைகளாகப் பிரிக்கின்றன: பிப்ரவரி, மே, ஆகஸ்டு, நவம்பர் மாதங்களின் முதல் நாள்கள். மேயில் கால்நடைகளை மலை மேய்ச்சலுக்கு ஓட்டுவார்கள். நவம்பரில் அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து, குளிர்காலத்துக்குத் தீனி போட்டுக் காக்க முடியாதவற்றை அறுப்பார்கள். ஆகவே சௌவின் இறைச்சி மிகுந்த விருந்துக் காலம். கூகுலின் என்ற வீரனைப் பற்றிய கதை ஒன்று, அல்ஸ்டர் நாட்டார் சௌவினுக்கு முன் மூன்று நாளும் பின் மூன்று நாளுமாக ஏழு நாள் கூடிக் களித்ததைச் சொல்கிறது. ஓட்டமும் விளையாட்டும் தின்பண்டமும் வீரப் பேச்சும் நிறைந்த நாள்கள் அவை. அந்த வருணனையில் முன்னோர் வழிபாடு இல்லை.

இருந்தாலும் அச்சம் இருக்கிறது. சௌவின் இரவில் மண்மேடுகள் திறந்துகொள்ளும், உள்ளே வாழும் மாயக் குலத்தார் வெளியே வருவார்கள் என்று பல கதைகள் சொல்கின்றன. நேரா என்பவனின் கதை இவற்றில் மிகச் செறிவானது. சௌவின் இரவில், க்ருவாகன் கோட்டைக்கு வெளியே தூக்கில் தொங்கும் கைதியின் காலில் ஒரு கொடியைக் கட்டிவிட்டு வருபவனுக்குப் பரிசு என்று அரசன் அறிவிக்கிறான். நேரா போய்க் கட்டுகிறான். பிணம் பேசுகிறது. தாகமாக இருக்கிறது, தண்ணீர் வேண்டும் என்கிறது. நேரா அதைத் தோளில் சுமந்து வீடு வீடாகப் போகிறான். பிறகு மேட்டுக்குள் நுழைந்து மறுஉலகம் கண்டு, கோடையில் மட்டும் விளைகிற இலையும் பூவும் கையில் எடுத்துத் திரும்புகிறான். தாகத்தோடு தண்ணீர் கேட்கிற செத்தவன் நமக்குப் புதியவனல்லன். எள்ளுந்தண்ணீர் இறைக்கிற எவருக்கும் அந்தத் தாகம் தெரியும். ஆனாலும் இதை முன்னோர் திருநாளுக்குச் சான்றாக வைக்க முடியாது. தொங்குகிறவன் நேராவுக்கு உறவில்லை, ஒரு கைதி. மேட்டுக்குள் இருப்பவர்களும் இறந்த மனிதர்கள் அல்லர், வேறோர் இனத்தார். இன்னொன்றும் உண்டு. இந்தக் கதைகளை எல்லாம் எழுதி வைத்தவர்கள் கிறித்தவத் துறவிகள். நாடு மதம் மாறிப் பல நூற்றாண்டுகள் கழிந்தபின் அவர்கள் ஏட்டில் ஏற்றியது நமக்குக் கிடைக்கிறது. மாடு மேய்த்தவர்கள் எழுதியது ஒரு வரிகூட இல்லை.

எழுத்துச் சான்று ஒன்று பிரான்சில் கிடைத்தது. 1897இல் கிழக்குப் பிரான்சின் கொலிஞி என்ற ஊரில், உடைந்து சிதறிய ஒரு பெரிய வெண்கல நாள்காட்டியைக் கண்டெடுத்தார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டியது; மொழி, பழைய கெல்ட் மொழிகளில் ஒன்றான கோலியம். அதில் சமோனியோஸ் என்று ஒரு மாதம். அந்த மாதத்தில் மூன்று இரவு நீளும் ஏதோ ஒரு நிகழ்வு குறிக்கப்பட்டிருக்கிறது. சௌவின்தான் இது என்று பலர் எழுதினார்கள். அந்த மாதம் இலையுதிர் காலத்தில் வருமா, கோடையில் வருமா என்பதிலேயே அறிஞர்கள் இன்னும் ஒருமைப்படவில்லை. மூன்று இரவும் என்ன செய்தார்கள் என்பதற்கு வெண்கலத்தில் பதில் இல்லை.

தமிழ் வாசகருக்கு இந்த நாள்காட்டியில் வேறொரு வியப்பு இருக்கிறது. ஐந்து ஆண்டு ஒரு வட்டம்; அதில் இரண்டு மிகை மாதம்; ஆக 62 மாதம். ஒவ்வொரு மாதமும் இரு பக்கமாகப் பிரிகிறது. நம் நாட்டு வேதாங்க சோதிடத்தின் ஐந்தாண்டு யுகமும் இதே கணக்குதான்: இரண்டு அதிக மாதம், 62 மாதம், இரு பட்சம். கங்கைக் கரைக்கும் பழைய பிரான்சான கோல் நாட்டுக்கும் ஒரே மூலம் என்று எழுதக் கை துடிக்கும். அப்படி எழுதியவர்களும் உண்டு. ஆனால் நிலவின் மாதத்தையும் கதிரவனின் ஆண்டையும் ஒட்ட வைக்க முயலும் எவரும் ஐந்தாண்டில் ஏறக்குறைய 62 அமாவாசை வருவதைக் கண்டுகொள்வார். வானம் எல்லோருக்கும் ஒன்று. ஒற்றுமைக்கு உறவு மட்டுமே காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன், இரு பக்கத்தாரும் ஒரே சிக்கலைத் தீர்க்க உட்கார்ந்திருந்தார்களா என்று பார்க்க வேண்டும்.

அடுத்த வரி: திருச்சபை கெல்ட் நாளை எடுத்துக்கொண்டது. இதற்கு எல்லோரும் காட்டும் சான்று போப் முதலாம் கிரகோரி 601இல் எழுதிய கடிதம். இங்கிலாந்தில் பழைய கோயில்களை இடிக்க வேண்டாம், உருவங்களை மட்டும் அகற்றிவிட்டுக் கட்டடங்களை ஆலயங்களாக்குங்கள் என்று அவர் அறிவுறுத்தினார். கொள்கை அப்படி இருந்தது உண்மை. நவம்பர் 1 அப்படி எடுத்துக்கொள்ளப்பட்டதா என்பது வேறு கேள்வி. ரோமில் 609 அளவில் பாந்தியன் கோயில் மாதாவுக்கும் மறைசாட்சிகள் அனைவருக்கும் அர்ப்பணிக்கப்பட்டது மே 13 அன்று. ரோமர்கள் ஆவிகளை வீட்டிலிருந்து விரட்டும் லெமூரியா சடங்கின் மூன்று நாள்களில் கடைசி நாளும் மே 13தான். முன்னோருக்கு அவர்கள் கல்லறையில் உணவு வைத்த பரென்தாலியா பிப்ரவரியில் வந்தது. சகல புனிதர் நாளை நவம்பர் 1இல் கொண்டாடும் வழக்கம் 800 அளவில் இங்கிலாந்தின் வடக்கிலும் ஜெர்மானிய நாடுகளிலும் தெரிகிறது. அந்த ஆண்டில் அல்குயின் என்ற அறிஞர் சால்ஸ்பர்க் ஆயருக்கு அதைப் பரிந்துரைத்து எழுதினார். 835இல் பிராங்க் பேரரசு முழுதும் அது விதியானது. அதே 800 அளவில் அயர்லாந்தில் எழுதப்பட்ட ஓங்குஸின் புனிதர் பஞ்சாங்கம் அனைத்துப் புனிதர்களையும் ஏப்ரல் 20இல் வைக்கிறது. சௌவினைக் கொண்டாடிய நாட்டில் புனிதர் நாள் ஏப்ரலில். சௌவினை அறியாத ஜெர்மானிய நாட்டில் நவம்பரில். வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1996இல் வெளியான தம் நூலில் இதைச் சுட்டிக்காட்டியபின், பழைய கதையை அப்படியே திருப்பிச் சொல்வது எளிதாக இல்லை.

நாள் ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு காட்டுவது எவ்வளவு தவறாகும் என்பதற்குப் புதுச்சேரியே நல்ல சான்று. ஆயிரம் ஆண்டு கழித்து ஒருவர் நம் விழாப் பட்டியலை மட்டும் தோண்டி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கத்தோலிக்க நாடு ஒன்று ஆண்ட ஊர். அந்த நாட்டின் பெருவிழா நவம்பர் 1. ஊரின் விடுதலை நாளும் நவம்பர் 1. ஆட்சி மாறியபோது மக்கள் பழைய திருநாளின் மேல் புதிய திருநாளைப் போர்த்தினார்கள் என்று அவர் எழுதக்கூடும். தரவெல்லாம் சரியாக இருக்கும், முடிவு முழுக்கப் பிழையாக இருக்கும். கீழூர் வாக்கெடுப்பும் டில்லி ஒப்பந்தமும் நமக்கு எழுத்தில் இருப்பதால் உண்மை தெரிகிறது. எட்டாம் நூற்றாண்டு அயர்லாந்துக்கு அந்த வசதி இல்லை.

அப்படியானால் நவம்பர் தொடக்கத்துக்கு இறந்தோரைக் கொண்டுவந்தது யார்? கிழக்குப் பிரான்சின் க்ளூனி மடத்து அதிபர் ஒதிலோ. கொலிஞி இருக்கும் மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டத்தில்தான் க்ளூனி இருக்கிறது. 998 என்று வழங்கப்படும் ஆண்டில், புனிதர் நாளுக்கு மறுநாள் இறந்த விசுவாசிகள் அனைவருக்கும் மன்றாட வேண்டும் என்று அவர் தம் மடங்களுக்கு ஆணையிட்டார். க்ளூனியின் கிளை மடங்கள் ஐரோப்பா எங்கும் பரவியிருந்ததால் நவம்பர் 2 பரவியது. அதன் பின்னால் இருந்த எண்ணம் உத்தரிக்கிற ஸ்தலம். இறந்த ஆன்மா அங்கே தன் பாவத்துக்குத் தண்டனைபட்டுத் தூய்மையாகிறது; உயிரோடிருப்பவர்களின் மன்றாட்டும் தானமும் அதன் வேதனையைக் குறைக்கும். இங்கிலாந்தில் ஏழைகள் வீடு வீடாகப் போய் இறந்தவர்களுக்காகச் செபம் சொல்லி அதற்கு ஈடாகப் பணியாரம் வாங்கிய வழக்கம் இந்த எண்ணத்தின் பிள்ளை. இறந்தோரும் நவம்பரும் சேர்ந்த இந்தக் கூட்டு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழையது. அதுவே சிறிய வயதில்லை. அதன் பிறகு நடந்தது தெரிந்த செய்தி: 1840களின் பஞ்சத்தில் ஐரிய மக்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள், டர்னிப் கிழங்கில் குடைந்த விளக்கு அங்கே பூசணிக்கு மாறியது.

கெல்ட் புத்தாண்டு, இறந்தோர் நாள் என்ற இரண்டும் சௌவினோடு உறுதியாக ஒட்டப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில். ஆக்ஸ்போர்டில் கெல்ட் மொழிப் பேராசிரியராக இருந்த ஜான் ரீஸ் 1886இல் ஆற்றிய சொற்பொழிவுகளில், தம் காலத்து வேல்ஸ், மான் தீவு மக்களின் வழக்கங்களிலிருந்து பின்னோக்கிப் போய் அது புத்தாண்டு என்றார். மானிடவியலாளர் ஃப்ரேசர் தம் 'பொற்கிளை' நூலில் அதை எடுத்துக்கொண்டு, இறந்தோர் நாளின் அடிப்படை கெல்ட் வழிபாடுதான் என்று விரித்தார். ஆயிரம் ஆண்டு கத்தோலிக்கத்தில் ஊறிய சிற்றூர்களில் கண்ட வழக்கத்தை எடுத்து, அது கத்தோலிக்கத்துக்கு முந்தியது என்று சொன்னதுதான் இந்த வாதத்தின் பலவீனம். இருவரும் பெரிய அறிஞர்கள். அவர்கள் கேட்ட கேள்வி நல்லது. பதிலைத்தான் நாம் சான்றில்லாமல் மனப்பாடம் செய்துகொண்டோம்.

ஃப்ரேசர் வழியில் வந்த இன்னொரு விளக்கம் இன்றும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் இயற்கை சாகிறது, அதனால் மனிதர்கள் செத்தவர்களை நினைக்கிறார்கள் என்பது. அந்த விளக்கத்தோடு பாகூர்ப் பக்கம் வந்து பாருங்கள். புரட்டாசி, ஐப்பசியில் இங்கே எதுவும் சாவதில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது, ஏரிக்குத் தண்ணீர் வருகிறது, சம்பா பச்சை பிடிக்கிறது. வயல் பழுத்து அறுப்புக்கு வருவது தையில். ஆண்டின் மிகப் பசுமையான பருவத்தில்தான் கிருமாம்பாக்கத்தார் முன்னோருக்கு நீர் வார்க்கிறார்கள். இலை உதிர்வது காரணமென்றால் இங்கே இந்த வழக்கம் இந்தப் பருவத்தில் இருக்கவே கூடாது.

இங்கே காரணம் கதிரவனின் போக்கு. ஆடி முதல் மார்கழி வரை கதிரவன் தெற்கு நோக்கிப் போகும் தட்சிணாயனம். தெற்கு, இறந்தோர் திசை. வள்ளுவர் இல்வாழ்வானின் கடமையில் முன்னோரை முதலில் வைத்து அவர்களைத் தென்புலத்தார் என்றே அழைக்கிறார். ஆண்டை ஒளிப் பாதி, இருள் பாதி என்று பிரித்து இருள் பாதியை இறந்தோருக்கு ஒதுக்குவது அயர்லாந்துக்கும் நமக்கும் பொதுவாகத் தெரியலாம். சீசர் தம் கோல் போர்க் குறிப்புகளின் ஆறாம் பகுதியில், கோல் மக்கள் தாங்கள் பாதாளத் தந்தையின் வழிவந்தவர்கள் என்பதால் காலத்தைப் பகலால் எண்ணாமல் இரவால் எண்ணுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். அந்த அளவுக்கு ஒப்புமை நியாயமானது. அதற்கு மேல் போக முடியாது.

மகாளயத்தின் நாளும் நகர்ந்த நாள்தான். வைதிகச் சடங்கு நூல்களான கிருகிய சூத்திரங்களைப் பார்த்தால், இல்லறத்தார் பிதுர்களுக்குச் செய்யும் பருவச் சடங்குகளில் முக்கியமானது அட்டகை. மார்கழிப் பௌர்ணமிக்குப் பின் வரும் தேய்பிறை அட்டமிகளில், முன்பனி பின்பனிக் காலத்தில் அது நடந்தது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் சாதுர்மாசிய வேள்விகளில் இலையுதிர் காலத்தில் வந்த ஒன்றிலும் பிதுர் வேள்வி ஓர் அங்கமாக இருந்தது. புரட்டாசித் தேய்பிறை முழுவதும் பிதுர் பட்சம் என்ற வடிவம் புராண, தர்மசாத்திர நூல்களில்தான் ஓங்குகிறது. கர்ணன் மறுஉலகத்தில் பொன்னைத் தவிர உண்ண எதுவும் கிடைக்காமல், முன்னோருக்குச் சோறிட 15 நாள் பூமிக்குத் திரும்பினான் என்ற கதையை அதற்குக் காரணமாக மக்கள் சொல்கிறார்கள். தான தருமத்தில் பேர்பெற்றவன் சோறு மட்டும் மறந்தான் என்பது அந்தக் கதையின் கூர்மை. அது சோற்றின் முதன்மையைச் சொல்கிற கதை, நாளின் வயதைச் சொல்கிற கதை இல்லை.

சோறுதான் இங்கே பழையது. புறநானூற்றில் கணவனை இழந்த பெண், ஒரு சிறிய இடத்தை மெழுகி, புல்லின் மேல் ஒரு சிறு பிண்டம் வைக்கிறாள். அந்தக் காட்சியில் அமாவாசை இல்லை, மாதம் இல்லை. இடம் மெழுகுதல், சோறு வைத்தல் ஆகிய இரண்டும் இருக்கின்றன. இன்றும் பாகூர், வில்லியனூர் ஊர்களில் படையலுக்கு முதலில் இடம் மெழுகுகிறார்கள், அப்புறம் இலை போடுகிறார்கள். நடுகல்லுக்கும் அதே நிலைதான். தொல்காப்பியம் கல்லைக் காண்பதிலிருந்து வாழ்த்துவது வரை படிப்படியாகச் சொல்கிறது. ஆண்டுக்கு எந்த நாளில் வழிபட வேண்டும் என்று சொல்வதில்லை. சங்கப் பாடல்களின் நடுகல்லுக்கு மயிற்பீலியும் கள்ளும் ஆட்டுக்கிடாயும் உண்டு, நாள் கிடையாது.

அதற்கும் முந்தி மண்ணுக்குள் இருப்பது. வில்லியனூர் வட்டத்தின் வடமேற்கே சுத்துக்கேணியிலும், புதுச்சேரி நகரை ஒட்டிய முத்திரைப்பாளையத்திலும் பெருங்கற்கால ஈமக்காடுகள் அகழப்பட்டன. பிரெஞ்சுத் தொல்லியலார் ழான்-மரி கசால் 1956இல் அரிக்கமேட்டோடு சேர்த்து இவற்றைப் பற்றி நூல் வெளியிட்டார். தாழிகள், கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகள், அவற்றோடு கலயங்கள், மணிகள், இரும்பு. செத்தவர் பக்கத்தில் கலயம் வைத்தார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே இருந்தது சோறா, கள்ளா, தண்ணீரா என்று தெரியாவிட்டாலும், உணவுக் கலயம் இறந்தவரோடு போயிருக்கிறது. எந்த மாதத்தில் வைத்தார்கள் என்று எந்தத் தாழியும் சொல்லாது. மணிமேகலை காலத்துக்குள் எரிப்பது, போட்டுவிடுவது, குழியில் இடுவது, தாழியில் கவிப்பது என்று பல முறைகள் ஒரே சுடுகாட்டில் அருகருகே நடந்தன. உடலை என்ன செய்வது என்பதில் இவ்வளவு வேறுபாடு. உணவு வைப்பதில் ஒரு தொடர்ச்சி.

பார்ப்பனப் புரோகிதர் வந்து எள்ளும் தர்ப்பையும் வைத்துச் செய்யும் தர்ப்பணம் ஒரு வழக்கம். புரோகிதரே இல்லாமல் குடும்பத்தார் இலை போட்டுப் படைப்பது இன்னொரு வழக்கம். நூல்கள் முதல் வழக்கத்தை மட்டும் எழுதின. இரண்டாவதில் இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டது இலைக்கு வரும்: கருவாட்டுக் குழம்பு, சுருட்டு, சாராயம்கூட. தீபாவளிக்கு வீட்டில் எடுத்த புதுத்துணி முதலில் அவர்கள் முன்னால் வைக்கப்படும். சுமங்கலியாக இறந்த பெண்ணை இந்தப் பக்கத்தில் பூவாடைக்காரி என்பார்கள். கல்யாணம், காதுகுத்து என்று வீட்டில் எது வந்தாலும் அவளுக்குப் புடவையும் பூவும் வைத்துப் படைத்த பிறகே மற்றது. அவளுக்கென்று பஞ்சாங்க நாள் கிடையாது, வீட்டின் நல்ல நாளெல்லாம் அவள் நாள். இறந்தோர் வழிபாட்டின் பழமையை அளக்க விரும்புகிறவர்கள் மகாளயத்தைவிடப் பூவாடைக்காரியைத்தான் கவனிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அவளைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

தீபாவளிக்கும் இறந்தோருக்கும் உள்ள தொடர்பைச் சாத்திரமும் அறியும். மகாளயத்துக்கு வந்த பிதுர்கள் திரும்பிப் போக வழி தெரிய வேண்டும் என்று தீப்பந்தம் காட்டுவதை வடமொழி நூல்கள் விதிக்கின்றன. ஒடிசாவில் இன்றும் தீபாவளியன்று மாலை சணல் குச்சிகளைக் கொளுத்தி முன்னோரை அழைத்து வழியனுப்புகிறார்கள். வங்கத்தில் முந்தின நாள் பூத சதுர்த்தசி. 14 வகைக் கீரை தின்று 14 விளக்கு ஏற்றுகிறார்கள். அக்டோபர் கடைசியில் இருட்டு, ஆவி, தீ. ஹாலோவீனுக்கு இதைவிட நெருங்கிய ஒப்புமை இந்தியாவில் இல்லை. யாரும் யாரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை. அதே எச்சரிக்கையோடுதான் மேல்மலையனூரிலும் இங்குள்ள அங்காளம்மன் கோயில்களிலும் மாசி அமாவாசையில் நடக்கும் மயானக் கொள்ளையையும் பார்க்க வேண்டும். வேடம், சுடுகாடு, வாரி இறைக்கும் பண்டம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அது அம்மனின் ஆவேசத்தைப் பற்றிய விழா. வீட்டு முன்னோர் அதில் நாயகர்கள் இல்லை.

கல்லறைத் திருநாள் இந்த மண்ணுக்குக் கப்பலில் வந்தது. கப்புச்சின், சேசு சபைக் குருக்களும் 1776க்குப் பின் பாரிஸ் வேதபோதக சபையாரும் க்ளூனியில் பிறந்த அந்த நவம்பர் 2ஐக் கொண்டுவந்தார்கள். பழையதைத் திருச்சபை விழுங்கிக்கொள்ளும் என்ற பொதுக் கருத்துக்குப் புதுச்சேரி வரலாறு நேர் எதிரான பாடம் ஒன்றைத் தருகிறது. 1704இல் போப்பின் தூதர் தூர்னோன் இங்கே புதுச்சேரியில் இருந்துகொண்டுதான் மலபார்ச் சடங்குகளைத் தடை செய்யும் ஆணையை வெளியிட்டார். தாலியின் வடிவம், பூப்பு விழா, நெற்றிச் சாம்பல், சடங்குக் குளியல் என உள்ளூர் வழக்கங்கள் பலவற்றைக் குருக்கள் அனுமதித்தது தவறென்றது அந்த ஆணை. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் அதை உறுதிப்படுத்தினார். விழுங்கிக்கொள்ளலாம் என்றது 601ஆம் ஆண்டுக் கடிதம். கூடாது என்றது 1704ஆம் ஆண்டு ஆணை. அப்படியும் நவம்பர் 2 அன்று உப்பளம் கல்லறையிலும் ஊர்க் கல்லறைகளிலும் நடப்பதைப் பார்த்தால் மக்கள் தங்கள் வழியிலேயே சேர்த்துக்கொண்டிருப்பது தெரியும். கல்லறையைக் கழுவி வெள்ளையடிக்கிறார்கள், சாமந்தி மாலை சாத்துகிறார்கள், மெழுகுவத்தியோடு ஊதுவத்தியும் ஏற்றுகிறார்கள், குருவானவர் வந்து மந்திரிக்கும்வரை குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பிரான்சிலும் அன்றைக்குக் கல்லறைப் பூ சாமந்தி இனம்தான். அங்கே அது முதல் உலகப்போருக்குப் பின் ஓங்கிய வழக்கம். இங்கே சாமந்தி எல்லாச் சாவுக்கும் எல்லாச் சாமிக்கும் உரியது.

செயல் பழையது, நாள் புதியது என்பதற்கு அண்மைச் சான்றுகளும் உண்டு. வில்லியனூருக்கு அருகே சங்கராபரணிக் கரையில் திருக்காஞ்சி, அமாவாசைக்கும் அஸ்தி கரைக்கவும் மக்கள் கூடும் துறை. 2023 ஏப்ரல், மே மாதங்களில் அங்கே சங்கராபரணிக்குப் புஷ்கரம் நடத்தினார்கள். வியாழன் பெயர்ச்சியை வைத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆறுகளுக்கு வரும் விழா இந்த ஆற்றுக்கும் வந்தது. கூட்டம் அதை உடனே ஏற்றுக்கொண்டது; காரணம், அங்கே போய்ச் செய்யச் சொன்னது அவர்கள் ஏற்கெனவே செய்துவந்த தர்ப்பணமும் நீராடலும்தான். ஈழத்தில் போரில் இறந்த போராளிகளை நினைக்கும் மாவீரர் நாளாக நவம்பர் 27 1989இல் தொடங்கியபோதும் விளக்கும் கல்லும் பூவும் மக்கள் அறிந்தவையாகவே இருந்தன.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிறந்த நாளும் நேரமும் நமக்குத் தெரிந்த ஓர் இறந்தோர் நாள் இந்தக் கடற்கரையிலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை புதுச்சேரி, கடலூர்க் கரையைத் தாக்கியது. அதற்குப் பின் ஒவ்வோர் ஆண்டும் அன்று மீனவர்கள் கரையில் கூடிக் கடலில் பால் ஊற்றுகிறார்கள், பூ தூவுகிறார்கள், மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். பால் ஊற்றுவது புதிதாக யோசித்த செயல் இல்லை. அடக்கத்துக்கு அடுத்து உறவினர் சுடுகாட்டுக்குப் போய்ச் செய்யும் பால் தெளிப்பு இது. உடல் கிடைக்காதவர்களுக்குச் சுடுகாடு இல்லை என்பதால் பால் கடலுக்குப் போயிற்று. இந்துக் குப்பத்தின் பாலும் கிறித்தவக் கல்லறையின் மெழுகுவத்தியும் ஒரே மணலில் வந்து சேர்ந்தன. நாள் மட்டும் எந்தச் சாத்திரத்திலும் இல்லாதது, ஆங்கிலத் தேதி. அந்த டிசம்பர் 26 மார்கழிப் பௌர்ணமியாகவும் இருந்தது. வீட்டில் திதி பார்ப்பவர்களுக்கு இறந்தவரின் நாள் ஆண்டுதோறும் பௌர்ணமியோடு நகரும். கரையில் கூடுபவர்களுக்கு அது 26ஆம் தேதியிலேயே நிற்கும். எந்த வீட்டில் எது நிலைக்கிறது, அலையைப் பார்த்திராத பிள்ளைகள் பெரியவர்களாகும்போது எந்த நாளை வைத்துக்கொள்கிறார்கள், பால் தொடர்கிறதா, அதற்கு என்ன காரணம் சொல்கிறார்கள் என்பதை நரம்பையிலும் பனித்திட்டிலும் போய்க் கேட்டு இப்போதே எழுதி வைக்கலாம்.